வளராத வளர்ச்சித் திட்டம்

1924-இல் ஜெனீவாவில், சர்வதேச சங்கத்து (லீக் ஆஃப் நேஷன்ஸ்) உத்தியோகஸ்தர்களின் குழந்தைகளுக்கென்று ஒரு சர்வதேசப் பள்ளி தோன்றியபோது, பிற்காலத்தில் அத்தகைய பள்ளிகளில் பிள்ளைகளுக்கே பஞ்சம் வருமென்று எவரும் விசாரப்பட்டிருக்கமாட்டார்கள். ஷாங்காயில் அந்த விசாரம் வந்துவிட்டது. அந்நிய நாட்டார் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் உள்நாட்டுப் பிரஜைகளின் பிள்ளைகளைச் சேர்க்கலாகாதென்று 1995-ஆம் வருஷத்து விதி ஒருபுறம் தடுக்க, கொரோனாக் காலத்தில் அந்நியர் பலர் மூட்டை கட்டிவிட, ஏறக்குறைய 2.5 கோடி ஜனங்கள் வாழும் நகரத்தில் வகுப்பறைக்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது! இத்தகைய பள்ளியின் நிர்வாக சபையார், ஆலோசகருக்குத் தாராளமாகத் தட்சிணை கொடுத்து, தங்கள் திட்டத்திலுள்ள ‘வளர்ச்சி’ என்ற பதத்தை ‘ஸ்திரம்’ என்று திருத்தி, சம்பளத்தை உயர்த்தி (ஆசிரியர் வாங்குவதையல்ல, பிள்ளைகள் கட்டுவதை), புதிய நீச்சல் குளத்துக்கு வரைபடமும் கேட்பார்கள். அக்குளத்தில் இறங்கப்போவது யாரென்று வினவுவது சபை மரியாதையாகாது.