தறிக்குழியில் ஒரு கார்

கட்டட அனுமதி வழங்கி ஊரை வாழவைக்கும் பெருமதிப்புக்குரிய அலுவலகத்தாருக்கு,

காஞ்சிபுரம் ராஜ வீதிக்குப் பின்தெருவில், பதினாறடி அகலமும் எண்பதடி நீளமும் உள்ள பழைய வீட்டுக்காரன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

சென்ற செவ்வாய்க்கிழமை ஏழாவது முறையாகத் தங்கள் சந்நிதிக்கு வந்தேன். தாத்தா கட்டிய வீட்டை இடிக்காமல் செப்பனிட வேண்டும். திண்ணையில் சேலைக் கடை, கூடத்தில் ஓடுகிற தறி ஒன்று, பின்கட்டில் வெளியூர்க்காரர் தங்க இரண்டு அறை. மனு அவ்வளவுதான். தங்கள் ஊழியர் வரைபடத்தைத் தலைகீழாகவும் பார்த்துவிட்டு, “கார் எங்க நிக்கும்?” என்றார். என்னிடம் இருப்பது ஒரு டிவிஎஸ் 50 என்றேன். “கடைன்னா கார் நிக்கணும் பெரியவரே. பேசாம இடிச்சிட்டு வாங்க, புதுசுக்குப் போட்டுக் குடுத்துடலாம்” என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அன்றிரவே டேப்பை எடுத்துக்கொண்டு அந்தக் காருக்கு இடம் தேடினேன். திண்ணையில் ஏற்றலாம்; வைகாசி கருட சேவையில் வரதர் வரும்போது அதற்கும் தரிசனம் கிடைக்கும். ரேழி நாலடிதான், கார் ஒருக்களித்து நடக்கப் பழகினால் போய்விடும். முற்றத்தில் விட்டால் ஐப்பசி மழையே கழுவிவிடும். ஆனால் உத்தமமான இடம் தறிக்குழிதான். அப்பா நாற்பது வருஷம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த குழி. முன்சக்கரம் இரண்டும் கச்சிதமாக இறங்கும். கோர்வைச் சேலைக்கு மூன்றாவது நாடா போட எப்போதும் ஒரு கையாள் வேண்டும். டிரைவர் சும்மாத்தானே இருப்பார்?

தங்கள் மரபுப் பற்றை நான் சந்தேகிப்பதாக நினைக்கக் கூடாது. 2015இல் மத்திய அரசு ஹிருதய் என்ற மரபு நகரத் திட்டத்துக்கு நாடு முழுக்கப் பொறுக்கியெடுத்த 12 ஊர்களில் நம் காஞ்சியும் ஒன்று. 2019 மார்ச்சோடு அந்த இதயம் நின்றது. மாநிலத்தின் மரபு ஆணையச் சட்டம் 2012இல் பிறந்து, 2024இல்தான் நடக்க ஆரம்பித்தது. நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை எழுந்தருளும் அத்திவரதரின் ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் ஒரு தாமதமா? சென்னை அண்ணா சாலையில் 1897இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்கவே தொடங்கிவிட்டார்கள்; உயர் நீதிமன்றம் போய்த்தான் நிறுத்த வேண்டியிருந்தது. சிங்கப்பூர்க்காரர்களுக்கு இந்த அனுபவமெல்லாம் போதாது. 1989இலேயே லிட்டில் இந்தியாவைப் பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்துவிட்டு, நம்மவர்களின் பழைய கடைவீடுகளில் இன்றும் பூவும் நகையும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

தங்கள் படிவத்தில் ‘புதிது’, ‘கூடுதல்’, ‘இடிப்பு’ என மூன்று கட்டங்கள். செப்பனிடுவதற்குக் கட்டம் இல்லை. தேக்கு உத்திரத்துக்கும், கடுக்காயும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்புக்கும் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது? எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தவர் புத்திசாலி. ‘இடிப்பு’ என்று போட்டார். இப்போது அங்கே கண்ணாடி மாளிகை. முகப்பில் பிளாஸ்டரில் திண்ணை மாதிரி ஒன்று, உட்கார முடியாது. வாசலில் செல்ஃபிக்கு ஒரு தறி. அடித்தளத்தில் கார் நிறுத்தம். கார் நிற்கிறது, தறியும் நிற்கிறது. எல்லாம் விதிப்படி.

ஒன்று சொல்கிறேன். இந்தத் தெரு காருக்காகப் போட்டதில்லை. விடிவதற்குள் வீட்டுக்கு ஓர் ஆள் இறங்கி, தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கஞ்சி தோய்ப்பார்கள். தெருவும் எங்களுக்குத் தறிதான். அதில் இன்று உங்கள் விதிப்படியான கடைகளுக்கு வந்த கார்கள் நிற்கின்றன. பாவு நீட்ட இடமில்லை. கோயில் மட்டும்தான் பழமையா? அந்தக் கோயில் அம்மனுக்குப் பட்டு நெய்த வீடு குப்பையா? இடிக்க ஒரு நடை, காப்பாற்ற ஏழு நடை! எந்த ஊர் நியாயம் இது?

மன்னிக்க வேண்டும். வயதாகிவிட்டது, சர்க்கரை வேறு. தங்கள் பெருந்தன்மை நான் அறியாததா?

எட்டாவது நடைக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். தங்களுக்கு வேண்டியது வரைபடத்தில் ஒரு கார்தானே? மருமகள் முற்றத்தில் புள்ளி வைத்து ஒன்று போட்டிருக்கிறாள். நாலு சக்கரம், நம்பர் பிளேட், முன்னால் எலுமிச்சம்பழம்கூட உண்டு. பார்வையிடத் தாங்கள் காலையிலேயே வந்துவிடுவது நல்லது. பத்து மணிக்கு மேல் எறும்பு தின்றுவிடும்.

இப்படிக்கு,
கார் வாங்கும்வரை கட்டடம் இல்லாதவன்