வட்டத்துக்குள் வாழும் எங்கள் வணக்கம்

பெறுநர்: வழித்தடத் திட்டப் பிரிவு, ஏ.சி. அறை, இரண்டாம் மாடி.
பொருள்: எங்கள் நகருக்குப் பஸ் வசதி ஏற்கெனவே இருப்பதைக் கண்டுபிடித்தமைக்கு நன்றி தெரிவித்தல்.
பார்வை: தங்கள் அறைச் சுவரில் உள்ள வண்ண வரைபடம்.

ஐயா, அம்மா,

பஸ் கேட்டு நாங்கள் கொடுத்த மனுவுக்குப் பதில் வந்தது. நிறுத்தத்திலிருந்து 500 மீட்டர் வட்டத்துக்குள் நாங்கள் வசிப்பதால் எங்களுக்குக் குறையேதும் இல்லையாம். மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தோம். உண்மைதான், நிறுத்தம் தெரிகிறது. நடுவில் ரயில் தண்டவாளமும் தெரிகிறது.

வரைபடம் போடும் ஜிஐஎஸ் மென்பொருளில் நிறுத்தத்துக்கு ஒரு புள்ளி வைத்து 500 என்று தட்டினால் வட்டம் விழும், அதற்குப் பஃபர் என்று பெயர் என்றான் படித்த பையன் ஒருவன். உள்ளே அகப்பட்ட தலையெல்லாம் வசதி பெற்ற தலை. காக்கைக்கு இந்தக் கணக்கு சரி. நாங்கள் அப்படி நேராகப் போனால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். டவுன் பஸ் பிடிக்க இது கொஞ்சம் அதிகம்.

சட்டப்படி போக சுரங்கப்பாதை இருக்கிறது. பழைய ரயில்வே கேட்டை மூடிவிட்டுக் கட்டிக் கொடுத்தார்கள். சுற்றிப் போனால் ஒன்றரை கிலோமீட்டர். ஐப்பசியில் முழங்காலளவு தண்ணீர். பெரிய பஸ் அதற்குள் நுழையாது, கூரை இடிக்கும்.

தெரு வழியாக நடக்கும் தூரத்தை அளக்கும் வசதியும் இதே மென்பொருள்களில் உண்டு. காசில்லாமல் கிடைக்கும் கியூஜிஐஎஸ்ஸிலேயே இருக்கிறது. அதைப் போட்டால் வட்டம் நசுங்கிப் போகும், சுவரில் மாட்ட லாயக்கில்லை என்ற தங்கள் தயக்கம் புரிகிறது. பயப்பட வேண்டாம். தங்கள் வரைபடத்தில் பழைய கேட் இன்னும் திறந்தே கிடக்கிறது, சாலைக்கோடு தண்டவாளம் இருக்கும் இடத்தைத் தாண்டி ஜம்மென்று போகிறது. எந்தப் பட்டனைத் தட்டினாலும் எங்களுக்கு வசதிதான் வரும். யாராவது வந்து நடந்து பார்த்தால்தான் ஆபத்து.

எங்கள் பக்கம் ஆளே இல்லை என்கிறீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்துச் சொல்கிறீர்கள். அப்போது இங்கே நெல் வயல். 2021இல் எடுக்க வேண்டிய கணக்கு கொரோனாவில் தள்ளிப்போனது எங்கள் குற்றமில்லை. வார்டு மொத்தத்தையும் அதன் நடுப்புள்ளியில் குவித்து அந்த நிறுத்தத்தைக் குறித்தீர்களே, அந்தப் புள்ளி கண்மாய்க்குள் விழுந்திருக்கிறது. கரையில் நிழற்குடை அமோகமாக இருக்கிறது. நாரைகள் உட்கார்ந்திருக்கின்றன.

அடுத்து டிக்கெட் மெஷின் கணக்கு. எங்கள் பக்கத்துக்கென்று சொல்கிற அந்த நிறுத்தத்தில் ஏறுவோர் இல்லை, பஸ் ஸ்டாண்டில்தான் கூட்டம், ஆகவே பஸ் ஸ்டாண்டிலிருந்து இன்னும் இரண்டு நடை என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். அங்கே நிற்கும் கூட்டத்தில் பாதி நாங்கள்தான் ஐயா! ஷேர் ஆட்டோ எங்களை அங்கேதான் இறக்கிவிடுகிறது. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தக் காசில்லாத பஸ்ஸில் ஏறத்தான் எங்கள் வீட்டுப் பெண்கள் தினமும் ஆட்டோவுக்குக் காசு கொடுக்கிறார்கள். கண்டக்டர் கிழித்துத் தரும் சீட்டில் ஏறிய இடம் இருக்கும், கிளம்பிய வீடு இருக்காது. பஸ் இல்லாததால் ஏறவில்லை. ஏறாததால் பஸ் இல்லை. இதற்கு மென்பொருள் எதற்கு, எங்கள் ஊர் டைம் கீப்பரே வாயால் சொல்லியிருப்பார். அவரைக் கேட்டீர்களா என்று விசாரித்தோம். அவரிடம் பாஸ்வேர்டு இல்லையாம்.

ஆகவே, மினி பஸ் ஒன்று காலையும் மாலையும் எங்கள் நகருக்குள் வந்து போக ஆவன செய்யும்படி வேண்டுகிறோம். முடியாவிட்டால், வரைபடத்தில் தண்டவாள லேயரை டிக் எடுத்து மறைத்ததுபோல் தரையிலும் மறைத்துத் தாருங்கள். ரயில்வேக்காரர்களிடம் தாங்களே பேசிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
வசதி பெற்றோர் பட்டியலில் உள்ள நகர்வாசிகள்

நகல்: கண்மாய் நாரைகளுக்கு, தகவலுக்காக.