எட்டு சென்டிமீட்டர் பிஸ்மார்க்

கேள்வி: மேசைமேல் ஆடும் கடற்போருக்கு, விரல் நீளக் கப்பலைப் பார்த்துப் பார்த்துப் பெயின்ட் அடிக்கத்தான் வேண்டுமா?

பதில்: கட்டாயம்! 251 மீட்டர் நீள ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க், 1:3000 அளவில் எட்டரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அசல் சாம்பல் நிறத்தை அப்படியே பூசினால் கரித்துண்டு மாதிரி இருட்டிவிடும். கொஞ்சம் வெள்ளை கலந்தே ஆகவேண்டும். நீர்த்த கறுப்பைப் பீரங்கி மேடைகளின் இடுக்குகளில் தேங்கவிடுங்கள். காய்ந்ததும், பெயின்ட்டைத் துடைத்தெடுத்த பிரஷ்ஷால் விளிம்புகளை மட்டும் வெளுப்பாக வருடினால், கப்பல் எழுந்து உட்காரும். பிஸ்மார்க்கின் பக்கவாட்டில் இருந்த கறுப்பு வெள்ளைப் பட்டையும் வேண்டுமா? அதை 1941 மே 21 அன்று நார்வேயில் சாம்பல் பூசி மூடிவிட்டார்கள். மூன்றே நாளில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'ஹூட்'டை மூழ்கடித்தபோது பட்டை கிடையாது. பட்டையோடு அந்தப் போருக்கு வந்தால், எதிராளி குண்டு போடுமுன்பே குறை சொல்வார். நியாயம் அவர் பக்கம்தான்.