மிஷன் அண்ணன்

சேலம், நாமக்கல் வட்டாரத்துச் சபைகளில் செயலர் ஒருவர் இருப்பார், பொருளாளர் ஒருவர் இருப்பார், காணிக்கைப் பையைக் கடைசி பெஞ்சுவரை விடாமல் கொண்டுபோகிற சகோதரர் ஒருவர் இருப்பார். இப்போது புதிதாக ஒரு பதவியும் முளைத்திருக்கிறது. அதற்குத் தேர்தல் கிடையாது, கமிட்டித் தீர்மானம் கிடையாது. பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தால் போதும். அவர்தான் மிஷன் அண்ணன்.

லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பார். இல்லையென்றால் கோழிப்பண்ணை. திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டிக்காரர்கள் ஆப்பிரிக்கா வரைக்கும் போய் போர் போட்டுவிட்டு வந்து கல்யாண வீட்டில் கதை சொல்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து எத்தனை நாளைக்குத்தான் சங்ககிரி லாரிச் சந்தையையே பேசிக்கொண்டிருப்பது? அண்ணனுக்கும் ஒரு வெளிநாடு தேவைப்பட்டது. மருத்துவத்துக்கும் அவருக்கும் உள்ள ஒரே சம்பந்தம், அவருக்குச் சுகர் இருக்கிறது. காலையில் ஒரு மெட்ஃபார்மின், ராத்திரி ஒரு மெட்ஃபார்மின். இந்த அனுபவ பலத்தில்தான் வெளிநாட்டு மருத்துவ ஊழியத்துக்குக் கிளம்புகிறார்.

எந்த நாடு என்பதில் பிடிவாதம் இல்லை, கடல் தாண்டினால் சரி. கென்யா என்று ஆரம்பித்தார். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும் என்றார்கள். சென்னைக்குப் போய் ஊசி போட்டு, மஞ்சள் அட்டையும் வாங்கி வந்தார். டிக்கெட் விலையைக் கேட்டதும் கென்யா நேபாளம் ஆயிற்று. குளிரைக் கேள்விப்பட்டதும் நேபாளம் இலங்கை ஆயிற்று. திருச்சியில் ஏறினால் சீட் பெல்ட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் கொழும்பு வந்துவிடும். இங்கிருந்து இலங்கை போக மஞ்சள் அட்டையை யாரும் கேட்பதில்லை. ஆனாலும் அது பாஸ்போர்ட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2016-லிருந்து அந்த ஊசி ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று உலக சுகாதார நிறுவனம் மாற்றிவிட்டதால், கென்யாவுக்கும் இனி ஆயுள் முழுக்க நிம்மதி இல்லை.

குழுவில் பதினான்கு பேர். ஒரு டாக்டர் சிஸ்டர், ஒரு பல் டாக்டர் தம்பி, இரண்டு நர்ஸ், ஒரு ஃபார்மசிஸ்ட். மிச்சம் ஒன்பது பேரின் படிப்பு அர்ப்பணிப்பு.

டாக்டர் சிஸ்டரிடம் அர்ப்பணிப்போடு கொஞ்சம் விவரமும் இருந்தது. முதல் ஜெபக்கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்.

“இலங்கை மருத்துவச் சபையில தற்காலிகப் பதிவு வாங்காம நான் அங்க ஸ்டெத்தைத் தொட மாட்டனுங்கண்ணா.”

“ஊழியத்துக்குத்தானுங்களே போறோம் சிஸ்டர். நம்ம பேரெல்லாம் பரலோகத்துல பதிவாயிருக்குது.”

“பரலோகத்துக்கு நோயாளியை அனுப்பிவெச்சா அங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இங்கதான் கேப்பாங்க.”

மருந்துக்கும் இதே கதைதான். அண்ணன் தெரிந்த மெடிக்கல் ஷாப்பெல்லாம் ஏறி இறங்கி, காலாவதிக்கு இரண்டு மாசம் பாக்கியுள்ள சாம்பிள் அட்டைகளாக மூன்று அட்டைப்பெட்டி சேர்த்து வைத்திருந்தார். இருமல் டானிக் அதிகம், என்ன மாத்திரை என்றே படிக்க முடியாதவை அதைவிட அதிகம். அந்த நாட்டில் மருந்து உள்ளே வருவதைக் கண்காணிக்கவே 2015-ல் சட்டம் போட்டு ஓர் அதிகார சபை வைத்திருக்கிறார்கள், அதனால் வேண்டியதைக் கொழும்பிலேயே பில் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று சிஸ்டர் முடித்துவிட்டார். அட்டைப்பெட்டிகள் பட்டறைக்குத் திரும்பின.

மருந்து போன இடத்துக்கு ஃப்ளெக்ஸ் வந்தது. பன்னிரண்டு அடிக்கு எட்டு அடி. போதகர் ஐயா படம், போதகரம்மா படம், கைகூப்பிய நிலையில் அண்ணன் படம், மூலையில் ஒரு ஸ்டெதாஸ்கோப். டாக்டர் சிஸ்டர் படத்துக்கு இடம் போதவில்லை. பெட்டி நிறுக்கும் நாளன்று, பண்ணையில் தீவன மூட்டை எடைபோடுகிற தராசைச் சபை மண்டபத்துக்கே கொண்டுவந்து இறக்கினார்கள். ஐம்பது கிலோவுக்குக் குறைந்தால் அந்தத் தராசின் முள் லேசில் அசையாது. ஆகவே ஒவ்வொரு பெட்டியோடும் அண்ணன் ஏறி நின்றார், பிறகு அவர் எடையைக் கழித்தார்கள். அவர் எடையைச் சபையார் முன்னிலையில் சத்தமாகச் சொன்ன பொடியனை அடுத்த வாரம் ஞாயிறு பள்ளி நாடகத்தில் ஏரோதுவாகப் போட்டார்கள் என்று கேள்வி.

அண்ணனின் சொந்தப் பெட்டியில் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ராசிபுரம் நெய், எலுமிச்சை ஊறுகாய், ஒரு பிரஷர் குக்கர்.

“ஏனுங்க, அங்க அரிசிச் சோறு கிடைக்காதுங்களா?” என்று அண்ணி கேட்டார்.

“மிஷன் ஃபீல்டு, கண்ணு. என்ன கிடைக்கும்னு யாருக்குத் தெரியும்?”

போன இடம் ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டம். அங்கே மூன்று வேளையும் சோறுதான் கிடைத்தது.

கொழும்பிலிருந்து அவிசாவளை தாண்டி மலை ஏறுகிற வரைக்கும் பஸ்ஸில் அண்ணன்தான் பாட்டு நடத்தினார். கினிகத்தேனை வளைவுகளில் பாட்டு நின்றது. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் ஜன்னலோர சீட்டைக் கைச்சாடையாலேயே கேட்டு வாங்கினார். சிஸ்டர் அவோமின் மாத்திரை கொடுத்தார். அது வயிற்றில் தங்கினால்தானே? முகாம் தொடங்குமுன்பே குழு தன் முதல் நோயாளியைக் கண்டுகொண்டது.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் முகாம். ஃப்ளெக்ஸைக் கட்ட நீளமான சுவர் இல்லாததால் கட்டடத்தின் மூலையைச் சுற்றி வளைத்துக் கட்டினார்கள். போதகர் ஐயா ஒரு பக்கமும் அண்ணன் மறுபக்கமும் ஆனார்கள். கொழுந்து எடுத்து முடித்த பெண்கள் கூடையை வரிசைக் குடியிருப்பான லயத்தில் வைத்துவிட்டு வந்தார்கள். சரிவில் நின்றே கழியும் வாழ்க்கை. முழங்கால் வலி, இடுப்பு வலி, வெளிறிய கண்கள். சிஸ்டர் பாதிப் பேருக்கு இரும்புச்சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும் எழுதினார். அந்த மலைகளுக்குப் பூச்சி மருந்து புதிதல்ல. 1916-லேயே அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தார் தோட்டம் தோட்டமாகப் போய்க் கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்தவர்கள். ஃப்ளெக்ஸ் கட்டியதாகத் தகவல் இல்லை.

டோக்கன் கொடுக்கும் பொறுப்பு அண்ணனுக்கு. அதையும் அவர் டாக்டர் தோரணையில்தான் கொடுத்தார். ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்ப்பார், “ம்ம்” என்பார், எண்ணை எழுதுவார். சிலருக்குச் சிஸ்டரைப் பார்ப்பதற்கு முன்பே குணமாகியிருக்கலாம். ஒரு பாட்டி டோக்கனை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார்.

“தம்பி எந்தூருங்க?”

“நாமக்கல்லுங்கம்மா.”

பாட்டிக்குப் பிடிபடவில்லை. நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல்தான். அவர் குடும்பம் கப்பலேறியது அதற்கு ரொம்ப முன்னால்.

“சேலம் ஜில்லா,” என்று திருத்திச் சொன்னார் அண்ணன்.

“அட, எங்க பாட்டன் சேலம் ஜில்லாங்க. சேந்தமங்கலம் பக்கமாம். கொல்லிமலை, கொல்லிமலைன்னு செத்துப்போற வரைக்கும் சொல்லிக்கிட்டே கிடந்தாராம். மேல எப்படிங்க இருக்கும் அந்த மலை?”

“நல்லா… பெரிய மலைங்கம்மா.”

“மேல போயிருக்கீங்களா?”

“கீழ இருந்து பாப்போமுங்க.”

பாட்டி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வரிசையில் போய் உட்கார்ந்தார்.

சேலம், திருச்சி ஜில்லாக்களின் வறண்ட ஊர்களிலிருந்து ஆள் பிடிக்கும் கங்காணி பின்னால் இலங்கைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். முதலில் காப்பிக்கு, அதைப் பூஞ்சை தின்ற பிறகு தேயிலைக்கு. ஆரம்பத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் காட்டு வழியாக நடந்தார்கள். வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. பிற்பாடு மண்டபம் என்ற ஊரில் இலங்கை அரசே ஒரு முகாம் வைத்து, அம்மை குத்தி, நாள்கணக்கில் நிறுத்திவைத்துப் பரிசோதித்துத்தான் கப்பலேற்றியது. சேந்தமங்கலத்துப் பாட்டன் சந்தித்த மருத்துவ முகாம் அதுவாகத்தான் இருக்கும். அங்கே டோக்கன் கொடுத்தவரும் “ம்ம்” என்றுதான் சொல்லியிருப்பார்.

கொல்லிமலையைச் சொல்லாமல் இந்தக் கதையில் மேலே நகர முடியாது. நாமக்கல்லில் எந்த மொட்டைமாடியில் நின்றாலும் கிழக்கே தெரிகிற மலை. 1907-ல் இந்தியாவுக்கு வந்த ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரி, மனைவி ஈவ்லினோடு அதன்மேல் ஏறிக் குடியிருந்தார். அப்போது ரோடு ஏது? டோலியும் கால்நடையும்தான். அவர் டாக்டர் அல்ல. அடிப்படை வைத்தியம் கற்று வந்தவர். சொத்தைப் பல்லைப் பிடுங்கினார், கட்டியைக் கீறினார், காலில் வெளியே தலைகாட்டும் நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி நாள்கணக்கில் பொறுமையாக இழுத்து எடுத்தார். 1929-ல் கருநீர்க் காய்ச்சலில் மலைமேலேயே செத்துப்போனார். ஈவ்லினுக்கு மிஷன் ஓய்வு கொடுத்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மலைக்கே திரும்பி, குதிரையேறிக் கிராமம் கிராமமாகப் போய்க்கொண்டிருந்தார். 1974-ல் இறக்கும்போது வயது 95. இவர்களுக்கு 1914-ல் பிறந்த பையன்தான் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தி உலகப் பெயர் வாங்கிய டாக்டர் பால் பிராண்ட்.

இந்தக் கதை அண்ணனுக்கும் தெரியும். அவர் அதில் எடுத்துக்கொண்ட பாடம் வேறு.

“ஜெஸ்ஸி ஐயாவும் டாக்டர் இல்லீங்க, நானும் டாக்டர் இல்லீங்க.”

“அவரு இருபது வருசத்துக்கு மேல இருந்தாருங்கண்ணா,” என்றார் சிஸ்டர்.

“அவருக்குப் பட்டறை இல்லீங்களே.”

நியாயம்தான். ஏழு நாள் லீவில் போகிறவரிடம் இருபது வருஷத்தைக் கேட்பது அநியாயம். யாழ்ப்பாணத்துக்கு 1847-ல் வந்து மானிப்பாயில் இருந்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிறீன், தமிழ் படித்து, மருத்துவத்தைத் தமிழிலேயே எழுதி, உள்ளூர்ப் பையன்களை டாக்டர்களாக்கிவிட்டுத்தான் போனார். அந்த அளவுகோலை இன்றைக்கு எடுத்தால் எந்தச் சபையிலும் ஒருவர்கூடத் தேற மாட்டார். ஏழு நாளில் என்ன முடியுமோ அதைப் பார்க்கலாம். பிளட் பிரஷருக்கு ஒரு வார மாத்திரை கொடுத்துவிட்டு வருவதில் ஒன்றும் இல்லை, எட்டாம் நாள் அது ஏறிக்கொள்ளும். ஆனால் பல் டாக்டர் தம்பி பிடுங்கிய பல் பிடுங்கியதுதான், அதற்கு அடுத்த மாசம் யாரும் வந்து பார்க்க வேண்டியதில்லை. படிக்கிற கண்ணாடியும் அப்படி. நாற்பது தாண்டிய ஒரு பெண் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் சம்பளச் சீட்டை முதல்முறையாகத் தானே படித்துப் பார்த்துவிட்டு, “இவ்வளவா பிடிக்கிறாங்க!” என்று சத்தம் போட்டார். தோட்ட நிர்வாகத்துக்கு அந்த முகாமால் நன்மையா தீமையா என்பது தெரியாது. என்னைக் கேட்டால் முழுப் பயணத்துக்கும் செலவழித்த பணம் அந்த ஒரு சத்தத்துக்கே சரியாகப் போயிற்று.

கண்ணாடியோ பல்லோ அண்ணனின் சாட்சியில் இடம்பெறவில்லை. திரும்பி வந்த ஞாயிறு, பிரசங்க நேரத்தில் பாதியைப் போதகர் ஐயா விட்டுக்கொடுத்தார். குழு டீ-ஷர்ட்டோடு அண்ணன் மேடையேறினார். புரொஜெக்டரில் படம் ஓடியது. அண்ணனும் தேயிலையும், அண்ணனும் மேகமும், அண்ணனும் அழுகிற குழந்தையும். கினிகத்தேனையில் நடந்தது ‘சத்துருவின் எதிர்ப்பு’ என்று அறிவிக்கப்பட்டது. குக்கர் சீட்டி அடித்ததும் லயத்துப் பிள்ளைகள் ஓடிவந்தது ‘எழுப்புதல்’ என்று அறிவிக்கப்பட்டது. பின்வரிசையில் அண்ணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கண்ணீர் என்று பக்கத்திலிருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த கமிட்டியில் அண்ணன் மஞ்சள் அட்டையை மேஜைமேல் வைத்தார். கென்யா. பொருளாளர் கணக்குப் புத்தகத்தை மூடினார். அப்போதுதான் சிஸ்டர், கொல்லிமலையில் மாசத்துக்கு ஒரு நாள் முகாம் போட்டால் என்ன என்று கேட்டார். விசா வேண்டாம், பதிவு வேண்டாம், அதே நோயாளியை அடுத்த மாசமும் பார்க்கலாம், பிரஷர் மாத்திரைக்கும் அர்த்தம் இருக்கும். போதகர் ஐயா தலையாட்டினார். எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள்.

“நல்ல யோசனைதானுங்க. ஆனா எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்குதுங்களே. கினிகத்தேனையில பட்டதே போதும்.”

சிஸ்டர் பேசாமல் ஒரு சீட்டைக் கிழித்து எழுதி நீட்டினார். அவோமின், ஒன்று, வண்டி ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சைடு எஃபெக்ட் ஏதும் உண்டுங்களா சிஸ்டர்?”

“தூக்கம் வரும். வேற ஒண்ணுமில்லீங்கண்ணா.”

“அப்ப மேல போய் மைக் பிடிக்கிறது யாருங்க?”