மைனஸ் 33-இல் ஒரு தென்னந்தோப்பு

மினசோட்டாவில் வீடு கட்டுகிறவர்கள் முதலில் குழி தோண்டுகிறார்கள். குளிர்காலத்தில் இங்கே தரை மேலிருந்து கீழாக உறைந்துகொண்டே போகும். அஸ்திவாரம் அந்த உறைமட்டத்துக்கு மேலேயே நின்றுவிட்டால் மண் உப்பி, வீட்டையே நெம்பிவிடும். அதனால் மினியாபொலிஸ் பக்கம் மூன்றரை அடி, வடக்கே போகப் போக ஐந்தடி ஆழமாவது அஸ்திவாரம் இறங்க வேண்டும் என்று கட்டட விதி இருக்கிறது. இவ்வளவு தோண்டியாயிற்று, இன்னும் நாலடி தோண்டினால் ஒரு தளமே சும்மா கிடைக்குமே என்று எந்தப் புண்ணியவானுக்கோ தோன்றியிருக்கிறது. சும்மா கிடைப்பதில் மயங்குவது நம் ஊர்க்காரர்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அப்படி வந்ததுதான் பேஸ்மென்ட்.

கிடைத்த தளத்தில் எதை வைப்பது என்பது அவரவர் மனசைப் பொறுத்தது. ஃபர்னஸ், வெந்நீர் டாங்கி, துணி துவைக்கும் மெஷின் எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் அவற்றோடு சோனா மசூரி மூட்டைகளும், வெட் கிரைண்டரும், மடக்கி வைத்த கொலுப்படியும் இருக்கின்றன. பக்கத்து வீட்டில் ஹவாய் இருக்கிறது.

அந்த ஹவாயின் உரிமையாளரை நாங்கள் கேப்டன் என்று கூப்பிடுகிறோம். தமிழர்களுக்குக் கேப்டன் என்றால் ஒருவர்தான், அவர் ஆத்மா இதைப் பொறுத்துக்கொள்ளும். இந்தக் கேப்டன் கப்பல் ஓட்டியவர் அல்ல. காப்பீட்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முன்னோர் நார்வேக்காரர்கள். நல்ல வெயிலில் பத்து நிமிஷம் நின்றால் சிவந்துபோய்த் தோல் உரியும். ஆனால் நவம்பரில் முதல் பனி விழுந்ததும் பூப்போட்ட சட்டையும் வெள்ளை மாலுமித் தொப்பியும் மாட்டிக்கொண்டு கீழே இறங்குவார். மார்ச் வரை அவர் கேப்டன்தான்.

கீழே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சுவரெல்லாம் மூங்கில். பார் மேடைக்கு மேலே ஓலைக்கூரை, தீப்பிடிக்காத மருந்து அடித்தது. ஜப்பானிய மீனவர்கள் வலை மிதக்கக் கட்டும் கண்ணாடி உருண்டைகள். தூத்துக்குடிக் கரையில் வலையில் அகப்பட்டால் திட்டிக்கொண்டே தூக்கி எறிவார்களே பேத்தை மீன், அதை ஊதிக் காயவைத்து, உள்ளே பல்பு போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார். விலை கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் சூரியன் மறையும் கடற்கரைப் படம், பின்னால் விளக்கு. மூலையில் ஒரு பிளாஸ்டிக் தென்னை மரம், குலையோடு.

இந்த மோகத்துக்கு டீக்கி என்று பெயர். தொடங்கி வைத்தவர்களில் ஒருவரும் பசிபிக் தீவுக்காரர் இல்லை. இதில் எங்கள் மினசோட்டாவுக்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்கா முழுவதையும் குடியை நிறுத்த வைத்த 1919-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்ட்ரூ வோல்ஸ்டெட் என்பவரின் பெயரால் வழங்குகிறது. அவர் இந்த மாநிலத்தின் கிரானைட் ஃபால்ஸ் ஊரைச் சேர்ந்தவர். 1933 டிசம்பரில் மதுவிலக்கு நீங்கியபோது ஒரு சிக்கல். விஸ்கி பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் ஊற வேண்டும், உள்ளூரில் போதிய சரக்கு இல்லை. கரீபியன் தீவுகளில் ரம் மலிந்து கிடந்தது. உலகம் சுற்றி வந்த எர்னஸ்ட் கான்ட் என்ற இளைஞர் ஹாலிவுட்டில் ஒரு சின்ன இடம் பிடித்து, மூங்கிலும் வலையும் தொங்கவிட்டு, அந்த ரம்மைப் பழச்சாற்றில் கலந்து விற்றார். கடை ஓடிய ஓட்டத்தில் தன் பெயரையே சட்டப்படி டான் பீச் என்று மாற்றிக்கொண்டார்.

அவருக்குப் போட்டியாக ஓக்லாந்தில் கிளம்பியவர் விக்டர் பெர்ஜெரான், அதாவது ட்ரேடர் விக். சின்ன வயசில் காசநோயால் ஒரு காலை இழந்தவர். வாடிக்கையாளர்களிடம் சுறா கடித்துவிட்டது என்று சொல்வாராம். இந்தத் தொழிலுக்கு வேண்டிய அடிப்படைத் தகுதி அதுதான் என்று எனக்குப் படுகிறது. 1944-இல் பதினேழு வருஷம் ஊறிய ஜமைக்கா ரம், எலுமிச்சை, ஆரஞ்சு மது, பாதாம் பாகு எல்லாம் சேர்த்து அவர் கலக்கியதுதான் மாய் டாய். இன்றைக்கு அன்னாசிச் சாற்றை ஊற்றி அதே பெயரில் விற்கிறார்கள். கேப்டன் முன்னால் அதைக் குடித்துக் காட்டாதீர்கள், மனுஷர் கண்கலங்கிவிடுவார்.

இதற்கிடையில் போர் வந்தது. பசிபிக்கில் போரிட்டுத் திரும்பிய சிப்பாய்கள் ஊர் ஊருக்கு இருந்தார்கள். கேப்டனின் அப்பாவும் அதில் ஒருவர். அங்கே பார்த்ததைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லையாம். ஆனால் 1959-இல் ஹவாய் அமெரிக்காவின் மாநிலமானதும், மரக்கடையிலிருந்து மூங்கில் வாங்கிவந்து இந்த பாரைக் கட்டத் தொடங்கிவிட்டார். மகன் அதைப் பராமரிக்கிறார். பராமரிப்பது லேசில்லை. வெளியே கடுங்குளிர் இருக்கும்போது அந்தக் காற்றை உள்ளே இழுத்துச் சூடேற்றினால் ஈரப்பதம் பாலைவன அளவுக்கு இறங்கிவிடும். மூங்கில் காய்ந்து டப் டப்பென்று வெடிக்கும். ஹவாயைக் காப்பாற்ற அவர் காற்றில் ஈரம் சேர்க்கும் மெஷின் ஒன்றை இரவும் பகலும் ஓடவிடுகிறார். கோடையில் ஈரத்தை எடுக்கும் மெஷின். கோடையில் பாரே கிடையாது என்பது வேறு விஷயம். ஜூலையில் இங்கேயும் முப்பது டிகிரி தாண்டும், ஏரிக்கு ஏரி கொசு கிளம்பும்; கேப்டன் பூட்டிவிட்டு வடக்கே குளிர்ந்த ஏரிக்கரைக் குடிலுக்குப் போய்விடுவார். நிஜ வெப்பம் வந்ததும் வெப்பமண்டலத்துக்கு விடுமுறை.

ஆனால் நாமும் சளைத்தவர்கள் இல்லை. சென்னை ஈ.சி.ஆரில், மே மாத வெயிலில், காசு கொடுத்துக் கோட்டும் பூட்ஸும் வாடகைக்கு வாங்கி, செயற்கைப் பனியில் வழுக்கி விழுந்து செல்ஃபி எடுக்கிறோம். சுவிட்சர்லாந்துப் பனிமலையில் கதாநாயகன் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டிருப்பார், கதாநாயகி ஷிஃபான் புடவையில் விறைத்துக்கொண்டு ஆடுவார்; அதைப் பார்த்துத்தான் காதல் என்றால் குளிர் என்று கற்றுக்கொண்டோம். இல்லாததைத்தான் மனுஷன் பேஸ்மென்ட்டில் கட்டுகிறான்.

அம்மாவை அங்கே அழைத்துப் போனது 2019 ஜனவரியில். எங்களுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மாமியார் வந்து கோடையின் வால்பகுதியையும் இலையுதிர் காலத்தையும் அனுபவித்துவிட்டுப் போக, என் அம்மாவின் முறைக்கு வாய்த்தது ஜனவரி. அந்த மாதம் 30-ஆம் தேதி மினியாபொலிஸில் மைனஸ் 33 டிகிரி செல்சியஸ். தபால் விநியோகத்தையே நிறுத்திவிட்டார்கள். வெளியே தெரியும் தோல் சில நிமிஷங்களில் உறைந்துபோகும் என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அப்போதுதான் கேப்டனிடமிருந்து போன். இந்த மாதிரி நாளுக்காகத்தானே அப்பா கட்டினார், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

"எய்யா, இந்தக் குளிருல எங்க கூட்டிட்டுப் போற?"

"ஹவாய்க்கும்மா."

புடவைக்கு உள்ளே தெர்மல், மேலே என் ஜாக்கெட், அதற்கு மேலே மருமகளின் சால்வை என்று உருண்டு திரண்டு அம்மா பக்கத்து வீட்டுப் படியிறங்கினார். ஓலையைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். கேப்டன் நல்ல நாற்காலியை இழுத்துப் போட்டார், தென்னை மரத்தடியில். அம்மா உட்காரவில்லை. நாற்காலியை மூன்றடி தள்ளிப் போட்டுக்கொண்டு, "காய் விழுந்துரும்" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். கேப்டன் தலையை உயர்த்தி அந்தப் பிளாஸ்டிக் குலையை முதல் தடவையாகச் சந்தேகத்தோடு பார்த்தார். திருநெல்வேலிப் பக்கம் தென்னையடியில் யாரும் ஓய்வெடுப்பதில்லை. ஓய்வுக்கு வேம்பு இருக்கிறது. தென்னையடியில் நிற்கிறவன் ஒன்று தண்ணீர் பாய்ச்சுகிறவன், இல்லை விவரம் தெரியாதவன். அதன் கீழே கட்டிலைப் போட்டுக் கண்மூடிப் படுத்திருக்கும் மனிதர்களை நான் விளம்பரத்தில்தான் பார்த்திருக்கிறேன். நான் வளர்ந்த வெப்பமண்டலம் வேர்க்குருவும் கொசுவத்தியும் மத்தியானக் கரண்ட் கட்டும் சேர்ந்தது. கேப்டன் இவற்றையெல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தை 22 டிகிரியில் நிறுத்தி வைத்திருக்கிறார். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

ஸ்பீக்கரில் மார்ட்டின் டென்னி ஓடிக்கொண்டிருந்தது, 1957-இல் வந்த இசைத்தட்டு. நடுநடுவே பறவைகள் கூவும். "என்ன பறவை அது? செம்போத்தா?" என்று அம்மா காதைத் தீட்டினார். அது பறவை இல்லை, வாத்தியக்காரர்கள். ஹொனலுலுவில் ஒரு ஹோட்டலில் இவர்கள் வாசிக்கும்போது குளத்துத் தவளைகள் கத்த, வாத்தியக்காரர்கள் வேடிக்கைக்குப் பறவைக் குரல் கொடுக்க, கூட்டத்துக்கு அது பிடித்துப்போய்விட்டது. தவளை கத்தினால் மழை வரும் என்று அம்மா முடித்துக்கொண்டார்.

பாரின் நடுவே ஆளுயர மரச்சிலை. பிதுங்கிய கண், விரிந்த வாய், வரிசைப்பல். சுற்றிலும் ரம் பாட்டில்கள். அம்மா செருப்பு இருக்கிறதா என்று காலைப் பார்த்துக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டார்.

"சொடலமாடன்தானய்யா இது? அதான் சாராயம் வச்சிருக்காவ. சுருட்டு எங்க?"

எங்கள் ஊர்ச் சுடலைமாடனுக்குப் படையலில் சாராயமும் சுருட்டும் உண்டு. இதைக் கேப்டனுக்கு எப்படிச் சொல்வது? சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மாவோரி மக்களின் மரபில் டீக்கி முதல் மனிதனின் பெயர். மார்க்கெசாஸ் தீவுகளில் கல்லிலும் மரத்திலும் செதுக்கிய மூதாதையர் உருவத்துக்கும் அதே பெயர். அவர்கள் கும்பிட்டதை அமெரிக்கர்கள் குவளையாக வார்த்து, மண்டையில் ஸ்ட்ரா குத்திக் குடிக்கிறார்கள். இதைப் பற்றிக் கேப்டன் படித்திருக்கிறார், தத்துவம் பேசுவார். ஆனால் அவர் பாரில் நுழைந்து முதல் வேலையாகக் கும்பிட்ட ஆள் அம்மாதான். சாமியை வைத்தது தப்பில்லை, குவளையாக்கியதுதான் தப்பு என்று அம்மா தீர்ப்பும் சொன்னார். நானும் அந்தக் கட்சிதான். கையில் அதே குவளையை வைத்துக்கொண்டு.

அந்தக் குவளையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தாயார் எதிரே குடிக்காத வம்சத்தில் பிறந்தவன் நான். கண்ணாடி டம்ளரில் விஸ்கி இருந்தால் விஸ்கி என்று குழந்தைக்கும் தெரியும். பீங்கான் குவளைக்குள் இருப்பது யாருக்குத் தெரியும்? மேலே அன்னாசித் துண்டு, ஒரு செர்ரி, காகிதக் குடை. திருவிழாவில் மூன்று வயசுக் குழந்தைக்கு வாங்கிக் கொடுத்த மாதிரி இருக்கும். உள்ளே இருந்தது ஸோம்பி. மூன்று விதமான ரம், அதில் ஒன்று 75.5 சதவீதச் சாராயம். டான் பீச்சே தன் கடையில் ஒருவருக்கு இரண்டுக்கு மேல் தரமாட்டார்.

"என்னது அது?"

"ஜூஸும்மா."

"எனக்கும் ஒண்ணு குடுக்கச் சொல்லு."

கேப்டன் விவரமானவர். அம்மாவுக்கு ரம் இல்லாமல், அன்னாசிச் சாற்றில் தேங்காய்ப்பாலைக் கலந்து, மேலே ஜாதிக்காய் துருவிக் கொடுத்தார். அம்மா ஒரு வாய் குடித்து, "பால் டப்பாப் பால். முதல் பால் எடுத்திருக்கலாம்" என்றார். பிறகு பாருக்குப் பின்னால் போய், அவர் காய்ச்சி வைத்திருந்த பாகுகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார். கிராம்பு, பட்டை, இஞ்சி, ஜாதிக்காய். எல்லாச் சாமானும் இருக்கிறது, குளிருக்கு ஒரு சுக்குக் காபி போடத் தெரியவில்லையே என்று அவருக்கு ஆத்திரம். என்னை வீட்டுக்கு விரட்டி சுக்கு, மல்லி, மிளகு, ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டி எல்லாம் எடுத்துவரச் செய்தார். அந்த நாற்பதடி நடையில் என் மீசை உறைந்தது.

கேப்டன் குறிப்பேட்டையும் அளவுக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு நின்றார். டான் பீச் தன் கடைப் பாட்டில்களில் பெயர் எழுதாமல் எண் போட்டு வைத்த ஆள். கலக்குகிறவருக்கே உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. பழைய பரிசாரகர் ஒருவரின் 1937-ஆம் ஆண்டுக் குறிப்பேடு கிடைத்த பிறகும், ஜெஃப் பெர்ரி என்ற ஆராய்ச்சிக்காரர் மல்லாடித்தான் ஒரு ரகசியத்தை உடைத்தார்: கிரேப்ஃப்ரூட் சாறும் பட்டைப் பாகும். அதற்கே அவ்வளவு பாடு. அம்மா கருப்பட்டியைத் தட்டிப் போடும்போது கேப்டன் கிண்ணத்தைக் கைக்குக் கீழே நீட்டினார். அம்மா கிண்ணத்தை ஒதுக்கிவிட்டுப் போட்டார். எவ்வளவு என்று கேப்டன் என்னைக் கேட்கச் சொன்னார். "பாத்துப் போடணும்" என்றார் அம்மா. கேப்டன் முக்கால் அவுன்ஸ் என்று எழுதிக்கொண்டார். அடுத்த கொதிக்கு அம்மா அதைவிடக் கூடப் போட்டார். கேப்டன் முதலில் எழுதியதை அடித்தார்.

தன் பங்கில் ஜமைக்கா ரம் ஒரு மூடி ஊற்றிக் குடித்துப் பார்த்த கேப்டன், இது இனி பட்டியலில் நிரந்தரம், டான் பீச் வழக்கப்படி ஒருவருக்கு இரண்டுதான் என்று அறிவித்தார். நான் அதை அம்மாவுக்குச் சொல்லிவிட்டு என் குவளையை நீட்டினேன்.

"ரெண்டா?" அம்மா என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "ஜூஸு குடிச்சதுக்கே காது சிவந்துபோய் நிக்கான். இவனுக்கு வெறும் சுக்கு போதும்னு சொல்லு அவருகிட்ட."

அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை, கேப்டன் ஏற்கெனவே பாட்டிலை மூடிக்கொண்டிருந்தார்.