சிவகாசி ஒரு கடற்கரைச் சுற்றுலாத்தலமே: ஓர் ஆய்வு

1. வரையறை

கடற்கரைச் சீசன் ஊர் யாது? வருடத்தில் சில வாரம் வெளியூர்க்காரர் முண்டியடிக்க, மிச்ச நாளெல்லாம் உள்ளூர்க்காரர் அந்தச் சில வாரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் ஊர் (காண்க: டீக்கடை பெஞ்சு, காலை ஆறு மணி). இவ்விலக்கணம் சிவகாசிக்கு முற்றும் பொருந்தும். கடல் எங்கே என்போர் நான்காம் இயல் வரை பொறுத்தருள்க.

2. சீசன்

தீபாவளிக்கு முந்திய வாரங்கள். இதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே ஆய்வும் இல்லை.

3. பயணியர் வகை

அ) கார் டிக்கியார்: டிக்கி நிறையும்வரை வெடி, பிறகு மடியில் கம்பி மத்தாப்பு.
ஆ) சீட்டு வேனார்: ஆபீஸ் முழுக்க வசூலித்த பணத்தோடும் லிஸ்டோடும் வருவோர். அச்சிட்ட விலையில் எண்பது சதவீதம் தள்ளுபடி என்று கடைக்காரர் காட்டியதும், "அது சரிண்ணே, இன்னும் பாத்துப் போடுங்க" என்பது இவர்தம் மரபு.
இ) வாரா உறவினர்: "மாப்ள, நம்ம ஊருதானே, ஃபேக்டரி ரேட்டுக்குக் கிடைக்காதா?" என்று போனில் மட்டும் வருவோர்.

4. கடல்

முதற்சான்று: சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்கிறோம். ஜப்பானைச் சுற்றிலும் கடல். குட்டி ஜப்பானுக்குக் குட்டிக் கடலாவது இருந்தே தீர வேண்டும்.

இரண்டாம் சான்று: வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில் 2022-இல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்கள் கிடைத்தன. சங்கு வணிகத்தில் வந்திருக்கும் என்பார் நிதானக்காரர். நிதானம் ஆய்வுக்கு ஆகாது. சங்கு இருந்தால் கடல். கடல் இருந்தால் கரை. கரை இருந்தால் சுண்டல். சுண்டல் இன்றும் விற்கிறது (ஒப்புநோக்குக: பொட்டலம் மடித்த தாள், எண்ணெய் படாத பகுதி).

மூன்றாம் சான்றே முடிவானது. 1910 முதல் 1985 வரை சிவகாசி ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. பாம்பனும் தனுஷ்கோடியும் அன்று நம் மாவட்டத்துக் கடற்கரைகள். 1985-இல் மாவட்டம் பிரிந்தது; விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட பகுதிக்கு ஒரு சாண் கரைகூட மிஞ்சவில்லை. நாட்டைக் கடல் கொண்டதைத் தமிழர் அறிவர், கடலைக் கோப்பு கொண்டது இதுவே முதல்முறை (விரிவுக்கு: தாலுகா ஆபீஸ் பரணிலுள்ள பெயரற்ற ஏடு, முதற்படியைக் கரையான் ஆய்ந்து முடித்துவிட்டது, இரண்டாம் படியின் அடிக்குறிப்பும், அதன் அடிக்குறிப்பும், அதன் ஓரத்தில் யாரோ இட்ட கேள்விக்குறியும் மட்டும் நமக்குப் போதும்).

இதெல்லாம் ஒரு சான்றா என்று சிரிப்போர்க்கு ஒன்று: ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலார் 1864-இல் லெமூர்களின் பரவலை விளக்க ஒரு கண்டத்தை ஊகித்தார். லெமூர்களுக்காக எழுப்பிய அந்த வீட்டில் நம் அறிஞர் சிலர் குடியேறி, பட்டாவும் எழுதிக்கொண்டனர். நான் கேட்பது ஒரு மாவட்டக் கடற்கரைதான். அதற்கு அரசாணை வேறு இருக்கிறது.

5. மறுப்பும் விடையும்

தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடிக்கிடக்கும். ஊரார்க்கு விடுமுறை அப்போதுதான். நாடு முழுக்கக் கொண்டாடிக் களைத்த பிறகு, கொண்டாட்டத்தைச் செய்துகொடுத்தவர்கள் வேன் பிடித்துத் திருச்செந்தூர் போய்க் கடலில் குளிக்கிறார்கள். சிவகாசி கடற்கரை ஊரானால் இவர்கள் ஏன் திருச்செந்தூர் போக வேண்டும் என்று மறுப்பாளர் மடக்குவர். ஐயா, உள்ளூர்க் கடலில் எந்த ஊர்க்காரன் குளித்திருக்கிறான்?