பழைய வெயில், புது வெயில்

கே: கரண்ட் பிறக்கும் ஊரே நெய்வேலிதான். இங்கே வந்து மின்சாரச் சிக்கன வீடு பற்றிப் பேசலாமா? — ஒரு வாசகர், நெய்வேலி டவுன்ஷிப்

ப: உங்கள் ஊரில் கரண்டாக மாறும் பழுப்பு நிலக்கரி என்ன தெரியுமா? மனிதன் பிறப்பதற்கு வெகு முன்பே மரங்கள் குடித்துவைத்த வெயில் அது. அந்தப் பழைய வெயிலைத் தோண்டி எரித்து, ஏ.சி. ஓட்டி, இன்றைய வெயிலை விரட்டுகிறோம். இந்த வெயிலை உள்ளேயே விடாவிட்டால்?

ஏப்ரல் 20, ஆகஸ்ட் 22 வாக்கில் நெய்வேலியில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்ட குச்சிக்கு நிழல் விழாது. ஆக, சூடு முதலில் இறங்குவது மொட்டைமாடி வழியாகத்தான். சித்திரைக்கு முன்பே அதற்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். மேற்குச் சுவருக்கு ஒரு வேப்பமரம். புதிதாகக் கட்டுகிறவர்கள் வீட்டின் நீளத்தைக் கிழக்கு மேற்காகப் போட்டு, ஜன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் வையுங்கள்.